எட்டாவது மூன்று

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் நின்றதா?

இந்தக் கடிதம் முதல் நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. சாட்சி சொல்கிறவள் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நீ பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாய். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் 31, 331, 3331 என்று மூன்றுகளை அடுக்கிக் கடைசியில் ஒரு ஒன்றை வைத்து எழுதினாய். ஒவ்வொன்றும் பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் என்று வகுத்து வகுத்தே நிறுவினாய். ஏழாவது எண் 33333331. அதற்கு மட்டும் எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு மூன்று வீதம் செய்தாய். பென்சில் சீவிக் கொடுத்தது நான்.

அந்த நோட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கணக்கு சாரிடம் கொடுத்தாய். மூன்று மாதத்தில் 'மூன்றுகளின் அணிவகுப்பு' என்று அவர் பெயரில் ஒரு சிறு புத்தகம் வந்தது. நீ தலைமையாசிரியையிடம் போனாய். "என் கையெழுத்துப் பிரதியைப் பாத்து இவதான் காப்பி அடிச்சிருக்கா" என்றார் சார். அப்பாவை வரவழைத்து, பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டி, உன்னைக் கரும்பலகையில் ஒரு பெரிய எண்ணை வகுக்கச் சொன்னார். உன் கை நடுங்கியது. ஈவில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டாய்.

"பூஜ்யம் எங்கேம்மா? வகுக்கவே தெரியல, இவ எண்களை ஆராய்ச்சி பண்ணாளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன், அக்கா. நான் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து நிற்கவும் இல்லை. அப்பா மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். உன் சான்றிதழில் 'நடத்தை: திருப்திகரமாக இல்லை' என்று எழுதினார்கள். எந்தக் கல்லூரியும் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். சாரின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வருகிறது. நவம்பர் பதினான்காம் தேதி பள்ளி மண்டபத்தில் வெளியீடு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அன்று சார் ஒரு புதிய விதியை அறிவிக்கப் போகிறாராம்.

நான் பழி வாங்கப் போகிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா உன்னை விசாரித்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதையும் எழுதத்தானே வேண்டும்.

உன்
கரையான்


ஜூன் 24

கரையானுக்கு,

இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்னமும் சாப்பிடும்போது புத்தகத்தைத் தின்கிறாயா?

முன்பு ஒரு கடிதத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் தொழிற்சாலையில் பல்பு செய்கிறார்கள். நான் பரிசோதனை அறையில் இருக்கிறேன். எதிரே ஒரு பலகை, அதில் வரிசையாகப் பல்பு மாட்டும் குழிகள். மாட்டுவேன், பொத்தானை அழுத்துவேன், எரிந்தால் வலது பக்கப் பெட்டி, எரியாவிட்டால் இடது பக்கக் கூடை. ஒரு வேளைக்கு இரண்டாயிரம் பல்பு. மேஸ்திரி அம்மா நல்ல மாதிரி. "கண்ணைச் சிமிட்டிக்கோடி, குருடாயிடப் போறே" என்று மணிக்கொரு தரம் சொல்வாள்.

சார் விஷயத்தை விட்டுவிடு. நீ அவரிடம் படிக்கிற பெண். ஒன்றும் செய்யாதே, ஒன்றும் சொல்லாதே.

ஒன்று மட்டும் செய். அந்த விதியை அவர் எந்த வார்த்தைகளில் சொல்கிறார் என்று கேட்டு, அப்படியே எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அப்பாவுக்கு என் வணக்கம். சொல்ல முடிந்தால் சொல்.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் படியேறும்போது மட்டும் வலிக்கிறதாம். அப்பாவிடம் உன் வணக்கத்தைச் சொன்னேன். டெப்போவிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். கழுவி முடித்த கையை இன்னொரு முறை கழுவினார்.

கணக்கு சாரை நாங்கள் 'மீதி சார்' என்று கூப்பிடுவது உனக்கு நினைவிருக்கும். இப்போதும் வகுப்புக்குள் நுழையும்போதே "மீதி என்ன?" என்றுதான் நுழைகிறார். நேற்று ஏழு எண்களையும் கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். படிக்கட்டு மாதிரி இருந்தது. உன் படிக்கட்டு.

"இது ஏழும் பகா எண். கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்கதான் சார்" என்று வகுப்பே கத்தியது. நான் வாயை மட்டும் அசைத்தேன். அதுவும் தப்புதான்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அதுக்கப்புறம் சார்?" என்றாள்.

"அதுக்கப்புறமும் அப்படியேதான். எத்தனை மூணு வேணும்னாலும் போடு, கடைசியில ஒண்ணு வை, அது பகா எண். இதுதான் என்னோட விதி. நவம்பர்ல மேடையில சொல்லுவேன், அது வரைக்கும் வெளியில சொல்லக் கூடாது."

"எப்படி சார் தெரியும்?"

"ஏழு பேரு ஒரே வீட்டுல ஒரே மாதிரி பொறந்திருக்காங்க, எட்டாவது பிள்ளை மட்டும் வேற ஜாடையிலயா பொறக்கும்? உக்காரு."

வார்த்தை மாறாமல் எழுதிவிட்டேன். அவருடைய நாற்காலியில் பசை தடவலாம் என்று யோசித்தேன். ஆனால் அது சின்னப் பழி. உனக்குச் செய்ததற்கு அது போதாது. ஏதாவது சொல்லேன்.

உன்
கரையான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் நம் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுகிறேன். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, நானே வேணும்னா ஒண்ணு எழுதிப் போடட்டுமா?" என்கிறார்.

நீ பதில் எழுதாததால் எட்டாவது எண்ணை நானே எடுத்துக்கொண்டேன். எட்டு மூன்றும் ஒரு ஒன்றும்: 333333331. முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று இலட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. ஒரு ஆளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன். ஒற்றை எண். இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தைந்து, அதனால் மூன்றால் வகுபடாது. நான்கால் வகுத்தால் மீதி மூன்று. எந்த வர்க்க எண்ணும் அப்படி மீதி தராது என்று உன் நோட்டில்தான் படித்தேன். எனவே இது வர்க்க எண்ணும் இல்லை.

பிறகு உன்னைப் போலவே சிறிய பகா எண்ணிலிருந்து வகுக்கத் தொடங்கினேன். இரண்டு, மூன்று, ஐந்துக்கு வகுக்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. ஏழு, மீதி வந்தது. பதினொன்று, மீதி வந்தது. பதின்மூன்று, மீதி வந்தது. இப்படி ஒரு வருடம் ஓடப் போகிறது என்று பென்சிலைச் சீவிக்கொண்டு பதினேழைப் போட்டேன்.

அக்கா! மீதி இல்லை!

333333331 = 17 × 19607843. நான்கு தரம் செய்து பார்த்தேன், திருப்பிப் பெருக்கியும் பார்த்தேன். அது பகா எண் இல்லை, பகு எண். சாரின் விதி தப்பு! வரிசையில் ஏழாவது பகா எண்தான் பதினேழு. அவர் ஏழே ஏழு முறை வகுத்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஏழு முறைகூட வகுக்காத மனிதர் எழுநூற்றைம்பது வகுத்தாராம்.

நாளைக்கே வகுப்பில் எழுந்து சொல்லிவிடப் போகிறேன். இல்லை, உன் பதில் வரட்டும். சீக்கிரம் எழுது, எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன்
கரையான்


ஆகஸ்ட் 10

கரையானுக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே எழுதுகிறேன்.

யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் தந்தி கொடு. சொல்லவில்லை என்றால் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லாதே. வகுத்த தாளை எரித்துவிடு.

நாளைக்கு வகுப்பில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? "சபாஷ், உங்களைச் சோதிக்கத்தான் சொன்னேன்" என்பார். விதியை மாற்றிக்கொள்வார். பதினேழும் அவர் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

எங்கள் அறையில் ஏழு பல்பு எரிந்தது என்பதற்காக எட்டாவதை மாட்டிப் பார்க்காமல் யாரும் பெட்டியில் போடுவதில்லை. போட்டால் மேஸ்திரி அம்மா உடனே திட்டுவதும் இல்லை. பெட்டியை ஒட்டி, மேலே உன் பெயர்ச் சீட்டைப் பதிக்கும் வரை சும்மா இருப்பாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வாள்.

வெயில் அதிகமாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாளை எரித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாக்கின் நுனியில் பதினேழை வைத்துக்கொண்டு தினமும் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். சார் "மீதி என்ன?" என்று என்னைக் கேட்டால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்கிறேன். "உன் அக்கா மாதிரி இல்ல, நீ சமத்து" என்றார். சிரித்தேன், அக்கா. இத்தனை நன்றாகச் சிரிக்க எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. தலைமையாசிரியையின் அறையில் இருக்கும் பழைய அலமாரியைத் தூசி தட்டி அடுக்க என்னையும் இரண்டு பெண்களையும் அனுப்பினார்கள். கீழ்த்தட்டில் ஒரு பழுப்பு உறை இருந்தது. மேலே உன் பெயர், அந்தத் தேதி, 'விசாரணை' என்று எழுதியிருந்தது. உள்ளே உன் பச்சை நோட்டு! எலி கடிக்காமல் அப்படியே இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஏழாவது எண்ணோடு நிற்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. தையலோரம் விரல் அகலத்துக்கு மிச்சம் இருக்கிறது, அதில் நீல மை சிந்திய கறையின் பாதி.

அந்தத் தாளைக் கிழித்தது யார்? சாரா?

உனக்கு எட்டாவது எண் முன்பே தெரியுமா? என் கடிதத்தைப் பார்த்து நீ ஆச்சரியப்படவே இல்லையே.

பதில் எழுது.

உன்
கரையான்


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். நீ பதில் எழுதவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கப் போவதில்லை.

விழா அழைப்பிதழும் இரண்டாம் பதிப்பும் அச்சாகி வந்துவிட்டன. அழைப்பிதழ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பின்னட்டையில் தடித்த எழுத்தில், சாரின் படத்துக்குக் கீழே, விதி இருக்கிறது: 'எத்தனை மூன்றுகளை அடுக்கினாலும், இறுதியில் ஒன்று நின்றால், அது பகா எண்ணே.' ஐந்நூறு பிரதி.

முதல் மாணவி என்பதால் எனக்கு முன்வரிசை. பெற்றோருக்கும் அழைப்பு. அப்பா போகலாமா வேண்டாமா என்று சட்டையை எடுத்து எடுத்து மடித்து வைக்கிறார்.

உன்
கரையான்


அக்டோபர் 21 (பதிவுத் தபால்)

கரையானுக்கு,

நலம். பெயர்ச் சீட்டு பதிந்துவிட்டது. இனி எழுதலாம்.

தாளைக் கிழித்தது நான்தான். நோட்டைச் சாரிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை. அதற்கு முன்பே என் புதிர் ஒன்றை ஒரு பத்திரிகையில் தன் பெயரில் போட்டிருந்தார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஒரு தரம் எடுத்த கை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதனால் எட்டாவது எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன்.

அன்று எல்லோரும் சிரித்தபோது அந்தத் தாள் என் ஜியாமெட்ரி பெட்டியில் இருந்தது. காட்டியிருக்கலாம். காட்டினால் அதையும் தன்னுடையது என்றிருப்பார். வாயை மூடிக்கொண்டேன். அப்பா கையெழுத்துப் போட்டதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தாளை இரண்டு வருடம் கசங்காமல் வைத்திருப்பதும் ஒரு வேலைதான். தினமும் இரண்டாயிரம் பல்பு மாட்டும்போதும் நான் அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

'விட்டுவிடு' என்று உனக்கு எழுதியது அதனால்தான். நீ அவசரக்காரி.

தாள் இதோடு இருக்கிறது. நான் சொல்வதைச் செய். அவர் விதியைச் சொல்லி முடிக்கட்டும், கைதட்டலும் முடியட்டும். பிறகு கேள். நீ வகுக்காதே, அவரே வகுக்க வேண்டும். தாளைக் கடைசியில் கொடு.

எனக்கு அன்று விடுப்பு இல்லை. மதியப் பணி, ஒன்பது மணிக்கு முடியும்.

அக்கா


நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மாலை நான்கு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. மேடையில் சார், தலைமையாசிரியை, பேராசிரியர். பேராசிரியர் ஒரு பெண், மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி. அப்பா ஆறாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

சார் விதியைச் சொன்னார். கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்பு, "பிள்ளைங்க யாராவது கேள்வி கேக்கறீங்களா?" என்றார்.

கைதட்டல் முடியும் வரை காத்திருந்து எழுந்தேன்.

"சார், எட்டாவது எண்ணை வகுத்துப் பாத்தீங்களா?"

"ஏழு சரியா இருக்கும்போது எட்டாவதுக்கு என்னம்மா கேடு?" எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினேழால வகுத்துக் காட்டுங்க சார்."

"ஆசையா இருந்தா நீயே வந்து வகுத்துக் காட்டேன்."

"நான் வேண்டாம் சார். எங்க வீட்டுல பூஜ்யத்தை விட்டுடுவோம்."

இந்த வாக்கியத்தை நீ எழுதித் தரவில்லை, நானே தயார் செய்தது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"வகுத்துத்தான் காட்டுங்களேன்" என்றார் பேராசிரியர் மெதுவாக.

சார் சாக்பீஸை எடுத்தார். 333333331 என்று அழகாக எழுதினார். உண்மையைச் சொல்கிறேன், அவர் கை நடுங்கவில்லை. முப்பத்து மூன்றில் ஒன்று, மீதி பதினாறு. நூற்று அறுபத்து மூன்றில் ஒன்பது. நூற்று மூன்றில் ஆறு, மீதி ஒன்று. அடுத்த மூன்றை இறக்கினால் வெறும் பதின்மூன்று. அங்கே பூஜ்யத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கோ, விடல" என்றார். பிறகு ஏழு, எட்டு, நான்கு. மீதி ஐந்து. கடைசி ஒன்றை இறக்கினார்.

ஐம்பத்தொன்று.

சாக்பீஸ் நின்றது. மூன்று பதினேழு ஐம்பத்தொன்று என்று சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் எழுதவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"மீதி என்ன சார்?"

இன்னொரு குரல். பிறகு பத்துப் பதினைந்து குரல்கள். அவர் மூன்றைப் போட்டு, கீழே பூஜ்யத்தைப் போட்டார்.

"அச்சுப்பிழை" என்றார் சார்.

"விதியிலயா?" என்றார் பேராசிரியர்.

அப்போதுதான் நான் மேடையேறித் தாளைக் கொடுத்தேன். மேலே தேதி, உன் கையெழுத்து, '333333331 = 17 × 19607843, எனவே வரிசை இங்கே முறிகிறது.' அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவரே போய் எடுத்து வந்தார். பேராசிரியர் நோட்டின் கிழிந்த ஓரத்தில் தாளை வைத்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது. மைக்கறையின் இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே கறையானது.

"இந்த நோட்டை எழுதின பொண்ணுக்கு எட்டாவது தெரிஞ்சிருக்கு. உங்க புத்தகம் தாள் கிழிஞ்ச இடத்துல சரியா நின்னுபோச்சு. அப்போ யாரைப் பாத்து யார் எழுதினது?" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். கரும்பலகையை அழிக்க டஸ்டரை எடுத்தார். "அது இருக்கட்டும்" என்று தலைமையாசிரியை கையை நீட்டித் தடுத்தார். டஸ்டரைப் பிடித்தபடியே சார் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்.

எனக்குப் பரிதாபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், அக்கா. வரவில்லை. நன்றாக இருந்தது. வராதது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமல், "திங்கக்கிழமை வந்து அக்காவோட புதுச் சான்றிதழை வாங்கிக்கோ. நடத்தைங்கற இடத்துல என் கையாலயே எழுதறேன்" என்றார். பேராசிரியர் தன் முகவரியை எழுதிக் கொடுத்து, "அவளை எனக்கு எழுதச் சொல்லு. 19607843-ஐ என்ன செஞ்சான்னு நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். இதோடு இணைத்திருக்கிறேன்.

மண்டபம் காலியானது. அப்பா மட்டும் ஆறாவது வரிசையில் அப்படியே இருந்தார். அருகே போனேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் டெப்போ பென்சிலால் வகுத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை. தலை நிமிராமல் தானாகவே வகுத்தார். காவலாளி சாவிக்கொத்தோடு வந்து, "அண்ணே, லைட்டை அணைக்கணும்" என்றார்.

"ஒரு நிமிஷம்ப்பா. முடிஞ்சுடுச்சு."

மீதி பூஜ்யம் வந்திருந்தது. ஆனால் ஈவு 1967843 என்று இருந்தது.

"அப்பா, இங்க ஒரு பூஜ்யம் வரணும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல."

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவ விட்டது…"

"இதே மாதிரிதாம்ப்பா."

பென்சிலை எடுத்தார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இடமே இல்லை. நெருக்கி, சின்னதாக ஒரு பூஜ்யத்தை எழுதினார். அவர் கை நடுங்கியது.

"அவளுக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்டார்.

"ஒன்பது மணிக்குப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காவலாளி விளக்குகளை அணைத்துவிட்டார்.